ரவிக்கை மாதிரியும் கணினிக் கோடும்

தமிழ்நாட்டிற்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ உள்ளூர்த் தையற்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கச் செல்லும் பெண்மணி, புதுத் துணியோடு தமக்குப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வார். 'அளவு ரவிக்கை' என்று அதற்குப் பெயர். தையற்காரர் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ பேசுவார். அவர் கை பழகிய வெட்டும் வேறாக இருக்கும். நம் பெண்கள் குறுக்கு வெட்டு என்று கேட்பதை அவர் 'கட்டோரி' எனப்படும் கிண்ண வெட்டாக எண்ணிக்கொள்ளவும் கூடும். வாயால் விளக்க இயலாததை அந்தப் பழைய ரவிக்கை விளக்கிவிடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் விளக்கியும் விடுகிறது. ஆயினும், பலமுறை துவைத்துச் சுருங்கி, இருமுறை பக்கத் தையலைப் பிரித்துத் தைத்த ஒரு துணி எந்த அளவை நமக்குச் சொல்கிறது என்பது ஐயத்திற்குரியதே.

இதனினும் நம்பத் தகுந்தது, தாளில் வரைந்து வெட்டிய மாதிரி. தையல் தொழிலில் இதனைப் 'பேட்டர்ன்' என்பர். ஈண்டு 'வெட்டுமாதிரி' என வழங்குவோம். தையல் கற்ற தாய்மார் பலரிடம் காக்கித் தாளிலோ பழைய செய்தித்தாளிலோ வெட்டிய இத்தகைய மாதிரிகள் சில, பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்பாகம், பின்பாகம், கை, இடுப்புப் பட்டி, கொக்கிப் பட்டி எனத் தனித்தனியே வெட்டி, ஊசியால் கோத்து வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் பென்சிலால் 'இங்கே அரை அங்குலம் விடு', 'பெரியவளுக்கு', 'கழுத்து இறக்கம் வேண்டாம்' என்பன போன்ற குறிப்புகள் காணப்படும். வரைந்தவர் அருகில் இருக்கும்வரை இக்குறிப்புகளுக்குக் குறைவில்லை. கேட்டால் சொல்வார். அவர் மதுரையிலும், அதனை வைத்துத் தைக்க வேண்டிய மகள் புனேயிலும் இருக்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. எங்கே அரை அங்குலம் விடுவது? தையலுக்கு விட்ட துணி இக்கோட்டிற்கு உள்ளேயா, வெளியேயா? அந்தப் 'பெரியவள்' யார்?

இன்று கைவரைவைக் கணினியில் ஏற்றித் தொழில்முறைச் சித்திரமாக மாற்றுதல், கற்றுக்கொள்ள விரும்பும் எவருக்கும் இயல்வதாகிவிட்டது. அவ்வாறு மாற்றியதை மின்னஞ்சலில் அனுப்பலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். விற்றுப் பொருளும் ஈட்டலாம். ஆனால் மாற்றுதல் என்றால் அழகுபடுத்துதல் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். வரைந்தவர் உடன் இல்லாத இடத்தில் அத்தாள் தானே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லுமாறு செய்வதே இப்பணியின் நோக்கம். அழகு அதன் பின் தானே அமையும்.

இத்தேவை புதிதன்று. அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்னும் ஊரைச் சேர்ந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக் என்பவர் 1863-ஆம் ஆண்டில் பல அளவுகளில் வெட்டிய தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அவை மெல்லிய தாளில் வெட்டப்பட்டு, மடித்து, உறையிலிட்டு அஞ்சலில் தொலைதூரக் குடும்பங்களுக்குச் சென்றன. அக்காலத் தாள் மாதிரிகளின் மேல் அச்செழுத்து கிடையாது. துளைகளும் ஓரத்தில் இட்ட சிறு வெட்டுக்குறிகளுமே இருந்தன. எந்தத் துளைக்கு என்ன பொருள் என்பதை உறையின் மேலிருந்த விளக்கத்தைப் படித்தே அறிய வேண்டும். முன்பின் அறியாத ஒருத்தி, எங்கோ ஒரு பண்ணை வீட்டில் அமர்ந்து, அத்துளைகளைக் கொண்டே ஆடை தைத்தாள். கோடு இழுப்பதில் பட்டரிக்கை விஞ்சியவர் பலர் இருந்திருப்பர். கோட்டிற்குப் பொருள் கூறும் குறியீட்டைச் சந்தை முழுவதற்கும் பொதுவாக்கியதில்தான் அவரைப் போன்றோரின் வெற்றி இருந்தது.

நிற்க. கணினிப் பணிக்கு வருவோம்.

முதலில் தாளை ஆயத்தம் செய்ய வேண்டும். மடிப்பு விழுந்த பழைய தாளை நீராவியின்றி இளஞ்சூட்டில் இஸ்திரி செய்து தட்டையாக்குக. பின்னர் அதன் மேல், ஓரங்களைத் தொடாமல், சதுரக் கோடுகளை 10 செ.மீ. இடைவெளியில் மெல்லிய பென்சிலால் வரைக. இவ்வேலையை வீண் என்று தள்ளிவிட வேண்டாம். தாளைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் கணினியில் ஒட்டும்போது, துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினவா என்பதற்கு இச்சதுரங்களே சான்று.

ரவிக்கையின் முன்பாகம் பெரும்பாலும் ஏ4 தாளினும் பெரிது. வீட்டில் உள்ள ஸ்கேனர் ஏ4 அளவினதாயின், இரண்டு மூன்று முறையாக வருட வேண்டியிருக்கும். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சதுரமேனும் பொதுவாக அமையட்டும். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் நுட்பம் போதும். அதில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கத்தரிக்கோல் அவ்வளவு நுட்பமாக வெட்டுவதில்லை. கண்ணாடியின் மேல் தாளை வைத்து வருடும் கருவியே நன்று. தாளை உருளையால் இழுத்துச் செல்லும் கருவி, நீளவாட்டில் சிறிது கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும். நகலெடுத்த தாளை வருடுவதும் அதே காரணத்தால் தவிர்க்கத் தக்கது.

ஸ்கேனர் இல்லாதவர் கைப்பேசியால் படமெடுக்கலாம். ஆனால் சாய்ந்து நின்று எடுத்த படத்தில் அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் விழும். மாதிரியைத் தரையில் பரப்பி, அதனைச் சுற்றி ஒரு நீள்சதுரம் வரைந்து, நேர் மேலே சற்று உயரத்திலிருந்து, உருவத்தை அண்மைப்படுத்தி எடுக்க வேண்டும். பின்னர் கணினியில் அந்நீள்சதுரத்தின் எதிர்ப்பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தால், அவை முறையே சமமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் மீண்டும் எடுப்பதே நேர்வழி.

இவ்வாறு எடுத்த படத்தை ஒருபோதும் இறுதிச் சித்திரமாகக் கொள்ளலாகாது. அஃது ஒரு சாட்சி மட்டுமே. இதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஸ்கேனர் தருவது கோடி நுண்புள்ளிகளாலான படம். அதனைப் பெரிதாக்கினால் கோடு படிக்கட்டு போலத் தெரியும். நமக்கு வேண்டியது வேறு வகை: இன்ன இடத்தில் தொடங்கி, இன்னவாறு வளைந்து, இன்ன இடத்தில் முடிக எனக் கணித முறையில் கணினி நினைவில் வைத்திருக்கும் கோடு. எவ்வளவு பெரிதாக்கினும் அது கூர்மை குன்றாது. அதன் நீளத்தையும் கணினி சொல்லும். இத்தகைய வளைகோடுகளின் கணிதம் உருவானது மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில். பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் த காஸ்தெல்ழோ 1959-இல் இம்முறையை வகுத்தார். ரெனோ நிறுவனத்தின் பியேர் பெஸியே 1960-களில் இதனை உலகறியச் செய்தார். இன்றும் இக்கோடுகள் பெஸியே பெயராலேயே வழங்கப்படுகின்றன. வண்டியின் மேனி வளைவுக்காகக் கண்ட கணக்கு நம் ரவிக்கையின் கைக்குழி வளைவுக்கு அப்படியே பொருந்துகிறது.

வளைவின் இரு முனைகளில் இரு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கைப்பிடி போன்ற ஒரு கோல். கோலை நீட்டினால் வளைவு புடைக்கும். திருப்பினால் திசை மாறும். கைக்குழி வளைவை வரைய இரண்டு அல்லது மூன்று புள்ளிகள் போதும். கழுத்து வளைவுக்கு இரண்டு. இங்கே பழகாதவர் செய்வது யாதெனில், புள்ளிகளை நெருக்கமாக இட்டுக்கொண்டே போவதாகும். இருபது புள்ளி இட்ட வளைவு இருபது இடத்தில் நெளியும்.

கணினியே தானாகக் கோட்டை வரைந்து கொள்ளும் வசதியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் முழுவதும் கோடாகிவிடும். பூவேலைப்பாட்டு வரைவுகளுக்கு இது ஓரளவு உதவும். வெட்டுமாதிரிக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொதுவாக இவ்வசதி, பென்சில் கோட்டை ஒரு கோடாகக் கொள்ளாது, மையின் இரு ஓரங்களையும் இரு கோடுகளாக வரைந்து தருகிறது. அவற்றுள் எது வெட்டும் கோடு? மேலும், கை நடுங்கிய இடம், பென்சில் தடுக்கிய இடம், தாளில் எண்ணெய் பட்ட கறை அனைத்தையும் அது பக்தியோடு பதிவு செய்யும். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவர்கள் இந்நிலையை நன்கு அறிவர். மூலத்தில் எழுத்தர் தவறுதலாக இருமுறை தட்டிய சொல்லை நாமும் இருமுறை எழுதினால் அது மூலத்திற்குச் செய்யும் மரியாதை ஆகாது. அம்மா வரைய எண்ணிய கோடு எதுவோ அதனை வரைதல் வேண்டும். அவர் கை தடுக்கிய கோட்டை அன்று.

ஆகவே, படத்தை அடி அடுக்கில் வைத்து, மங்கலாக்கிப் பூட்டிவிட்டு, அதன் மேல் புதிய அடுக்கில் கையால் கோடு வரைக. இன்க்ஸ்கேப் என்னும் கட்டணமில்லா மென்பொருள் 2003 முதல் கிடைத்து வருகிறது. இப்பணிக்கு அது தாராளமாகப் போதும். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் கட்டணத்திற்கு உரியது. சீம்லி2டி என்பது வெட்டுமாதிரிக்கென்றே அமைந்த கட்டணமில்லா மென்பொருள். அதில் உடலளவுகளை எண்ணாகக் கொடுத்தால், அளவு மாறும்போது சித்திரமும் மாறும். அதனைக் கற்கப் பொறுமை வேண்டும்.

வரையத் தொடங்குமுன் அளவெடுக்க வேண்டும். இங்கே நாடாவைப் பற்றி ஒரு சொல். துணி நாடா நாளடைவில் நீண்டுவிடும். அதனை எஃகு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்புக. நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் நிறைவேறியபோதிலும், தையற்கடையில் இன்றும் அங்குலமே ஆட்சி செய்கிறது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் ஊர்க் கைவினைஞர் 'நூல்' என்பர். தில்லித் தையற்காரர் அதனையே 'சூத்' என்பார். இரண்டு சொல்லுக்கும் பொருள் இழை என்பதே, அளவும் ஒன்றே. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். கணினியில் மில்லிமீட்டரை அலகாக அமைத்து, அங்குலக் கணக்கை மாற்றி இடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

தாள் மாதிரியின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் அடுத்த மூலைக்குள்ள நீளத்தை நேரில் அளந்து எழுதிக்கொள்க. கணினியில் அம்மூலைகளை எண் கொடுத்தே நிறுத்துக. படம் ஒன்றும் எண் வேறொன்றும் சொன்னால், மீண்டும் தாளை அளந்து, எண்ணையே ஏற்றுக்கொள்ள வேண்டும். வளைவுகளுக்கு மட்டும் படம் வழிகாட்டட்டும். பின்பாகம் போன்று நடுமடிப்பில் வெட்டும் துண்டுகளைப் பாதியாகவே வரைந்து, மடிப்புக் கோட்டைத் தெளிவாகக் குறித்தால் போதும்.

இனித் தணிக்கை. தொழில் அறிந்தவரையும் பழகுநரையும் பிரித்துக் காட்டுவது இதுவே. முன்பாகத்தின் பக்கத் தையலும் பின்பாகத்தின் பக்கத் தையலும் ஒன்றோடொன்று தைக்கப்படுவன; எனவே டார்ட் பிடித்த பின் அவற்றின் நீளம் சமமாக வேண்டும். தோள் தையலும் அவ்வாறே. கையின் மேல்வளைவு மட்டும் கைக்குழியின் சுற்றளவைவிடச் சிறிது மிகுதியாக இருக்கலாம். தோள் உருட்சிக்கு அது தேவை. இந்நீளங்களைக் கணினியில் கோட்டைத் தொட்டு அறியலாம். கைவரைவில் இவை ஒரு நூல் இரண்டு நூல் வேறுபட்டிருப்பது இயல்பு. வரைந்தவர் தைக்கும்போது அங்கே துணியைச் சற்று இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டியிருப்பார். அந்த இழுப்பு அவர் விரலில் இருந்தது, தாளில் இல்லை. அதனைக் கோட்டில் திருத்தாவிட்டால், தூரத்தில் இருப்பவள் தன் தையலே பிழை என்று எண்ணிப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொண்டிருப்பாள்.

இரு துண்டுகள் சேரும் இடங்களில் வளைவு முறியாமல் ஓடுகிறதா என்பதையும் காண வேண்டும். முன்தோளையும் பின்தோளையும் கணினித் திரையில் ஒட்டி வைத்தால், கழுத்து வளைவு ஒரே கோடாகச் செல்ல வேண்டும். நடுவில் மேடோ பள்ளமோ தோன்றினால், தைத்தபின் கழுத்தோரத்தில் அது மூக்குப் போல் துருத்தும்.

அடுத்து, குறியீடுகள். இவற்றுள் தலையாயது நெசவுக் கோடு. துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூலின் திசையைக் காட்டும் அம்புக்கோடு. வீட்டுத் தாள்களில் பெரும்பாலும் இது காணப்படுவதில்லை, வரைந்தவருக்கு அது சொல்லாமலே தெரியும் என்பதால். நேர்வெட்டு ரவிக்கையில் இக்கோடு முன்பாகத்தின் நடுவுக்கு இணையாக இருக்கும். குறுக்கு வெட்டில் முன்பாகம் பாவு நூலுக்கு 45 பாகைச் சாய்வில் அமையும். சாய்வாக வெட்டிய துணி இழுபட்டு உடலோடு பொருந்தும். நேராக வெட்டியது அவ்வாறு பொருந்தாது. ஒரே தாள்தான், ஒரே கோடுதான். அம்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைப் பொறுத்து இரு வேறு ரவிக்கைகள் பிறக்கும். இந்த அம்பை இடாது அனுப்பிய சித்திரம் எவ்வளவு அழகாயினும் பயன்படாது.

பின்பு, டார்ட் பிடிக்கும் கோடுகள், அவை முடியும் புள்ளி, கையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காட்டும் ஓர வெட்டுக்குறி (முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு என்பது தொழில் மரபு), கொக்கிகளின் இடம் முதலியன. ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் பெயர், அளவு, எத்தனை வெட்ட வேண்டும், உட்துணியிலும் வெட்ட வேண்டுமா என்பவற்றை எழுதுக. கொக்கிப் பட்டிகள் இடம் வலம் வேறானவை. அதனைக் குறிக்க மறப்பவர் பலர்.

தையலுக்கு விடும் துணியைப் பற்றி அயல்நாட்டு மாதிரிகளைப் பார்த்து அப்படியே பின்பற்றுவது நமக்கு ஒத்து வராது. அமெரிக்கக் கடை மாதிரிகளில் பொதுவாக எல்லாப் பக்கமும் ஒரே சீராக அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு விடுவர். நம் ரவிக்கையில் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ விடுவது மரபு. மகப்பேற்றிற்குப் பின்னும் வயது ஏறிய பின்னும் பிரித்துவிட்டுக் கொள்ளலாம் என்னும் முன்யோசனை அதில் உள்ளது. கழுத்திலும் கைக்குழியிலும் கால் அங்குலமே போதும். கூடுதலாக விட்டால் வளைவு திரும்பாது. ஆகவே, தையற்கோட்டைப் புள்ளிக்கோடாகவும், வெட்டுகோட்டை முழுக்கோடாகவும் இரண்டையும் வரைந்து, இடைவெளியை ஆங்காங்கே எண்ணால் எழுதுவதே தெளிவு. 'தையலுக்கு விட்ட துணி சேர்ந்தது' என்னும் ஒரு வரியைத் தலைப்பிலேயே சேர்க்க. கைவரைவு மாதிரிகளால் கெட்டுப்போன பட்டுத்துணிகளில் பெரும்பங்கு இந்த ஒரு வரி இல்லாமையால் கெட்டவை என்றே கருதுகிறேன்.

பல அளவுகளில் வேண்டுமெனில் சித்திரத்தை நூற்றுக்கு இத்தனை என்று பெருக்கிவிடலாகாது. 32 அங்குல மார்பளவு 40 ஆகும்போது தோளும் கழுத்தும் அதே விகிதத்தில் வளர்வதில்லை. அப்படிப் பெருக்கிய ரவிக்கை தோளிலிருந்து நழுவி விழும். மார்பளவில் இரண்டு அங்குலம் கூட்டினால், நான்கு கால்பாகங்களுக்கும் அரை அங்குலம் வீதம் சேரும். தோளில் சேர்வது அதனினும் மிகக் குறைவு. ஒவ்வொரு அளவையும் வேறு வேறு வகைக் கோட்டால், அதாவது முழுக்கோடு, புள்ளிக்கோடு, துண்டுக்கோடு என்று காட்டுக. வண்ணத்தால் மட்டும் வேறுபடுத்தினால் கறுப்பு மையில் அச்சிடுபவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

கோட்டின் தடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுகோடு சற்றுத் தடிப்பாகவும், ஏனைய மெல்லியதாகவும் இருந்தால் போதும். பூக்களும் நிழல்களும் சேர்ப்பது மை நட்டம்.

எழுத்தைப் பற்றி நம்மவர் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்துக்கள் 1991 முதல் யூனிகோடில் இடம்பெற்றுள்ளன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டணமில்லா யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தி, பி.டி.எஃப். கோப்பாக்கும்போது எழுத்துருவையும் உள்ளடக்கிவிடுக. உள்ளூர்த் தையற்காரரிடம் காட்ட வேண்டிய மாதிரியாயின், துண்டின் பெயரை இந்தியிலோ அவ்வூர் மொழியிலோ கீழே ஒரு முறை எழுதிவிட்டால் நமக்கும் அவருக்கும் நலம்.

இனி அச்சு. திரையில் சரியாக இருந்த அளவு பெரும்பாலும் இங்கேதான் தவறிப்போகிறது. அச்சுக்கடைக்காரர் வழக்கமாகத் 'தாளுக்குப் பொருத்து' என்னும் அமைப்பிலேயே அச்சிடுவார். அதனால் சித்திரம் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 36 அங்குல மார்பளவு ஏறத்தாழ 34.9 ஆகிவிடும், கொக்கி எட்டாது. ஆகவே முதல் பக்கத்திலேயே 10 செ.மீ. பக்கமுள்ள சோதனைச் சதுரம் ஒன்றை வரைந்து, 'இதனை முதலில் அச்சிட்டு அளந்து பார்க்க. உள்ள அளவில், நூறு சதவீதத்தில் அச்சிடுக' என்று எழுத வேண்டும். அவ்வாறு எழுதாத மாதிரியை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் கொண்டது. ஓரம் 1 செ.மீ. விட்டால் அச்சிடத் தகுந்த பரப்பு 190-க்கு 277 மி.மீ. சித்திரத்தை இவ்வளவான கட்டங்களாகப் பிரித்து, ஓரங்களில் பொருத்துக் குறிகள் இட்டு, ஒவ்வொரு பக்கத்திற்கும் அ1, அ2, ஆ1, ஆ2 என வரிசைப் பெயர் கொடுத்து, முதல் பக்கத்தில் எல்லாம் சேர்ந்தால் எவ்வாறு தோன்றும் என்னும் சிறு வரைபடமும் தர வேண்டும். உறவினர் அமெரிக்காவில் இருப்பின், அங்கே வழங்கும் 'லெட்டர்' தாள் 6 மி.மீ. அகலம் கூடி, ஏறத்தாழ 18 மி.மீ. நீளம் குறைந்தது, கட்டத்தின் நீளத்தை 255 மி.மீ. என்று வைத்தால் இரண்டிலும் அடங்கும். பெரிய அச்சுப்பொறி உள்ள நகரங்களில் ஏ0 என்னும் 841-க்கு 1189 மி.மீ. தாளில் ஒரே பரப்பாக அச்சிட்டுக் கொள்ளலாம். கட்டட வரைபடங்கள் அச்சிடும் கடைகளில் இவ்வசதி கிடைக்கும்.

விற்பனை செய்ய எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கிய மாதிரியையோ பிறர் வரைந்ததையோ கோடு மாற்றி வரைந்து விற்றல் முறையன்று. தாமே வரைந்தது, அல்லது வரைந்தவர் இசைவு தந்தது என்பது உறுதியாக வேண்டும். தாயாரின் மாதிரியாயின் அவர் பெயரையும் தலைப்பில் சேர்ப்பது பண்பு.

அனைத்தும் முடிந்தபின், அவ்வெட்டுமாதிரியை முன்பு கண்டிராத, ஓரளவு தையல் அறிந்த ஒருவரிடம் கொடுத்து, விலை குறைந்த காடாத் துணியில் தைத்துத் தரச் சொல்க. அவர் தைக்கும்போது அருகில் அமர்ந்திருக்கலாம்; வாய் திறக்கலாகாது. அவர் எங்கெங்கே தயங்கி நிமிர்ந்து பார்க்கிறாரோ, எதனைக் கேட்கிறாரோ, அவ்விடங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்க. அவ்வொவ்வோரிடத்திலும் ஓர் அம்போ ஓர் எண்ணோ ஒரு சொல்லோ சித்திரத்தில் விடுபட்டிருக்கிறது. அவற்றைச் சேர்த்து, தலைப்பின் கீழ் 'இரண்டாம் திருத்தம்' என்றும் அன்றைய தேதியும் இட்டு, பழைய கோப்பைத் தனியே ஒதுக்கிவிடுக. மூலமான காக்கித் தாளை எறிந்துவிட வேண்டாம். மடிக்காமல் சுருட்டி, ஒரு குழாயிலிட்டு ஈரம் படாத இடத்தில் வைக்க.